குளிர் பழகுமா?

ஊர் அப்புத்தளை என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி என்னவென்று எங்களுக்குத் தெரியும். "அங்க சரியான குளிராமே, எப்பிடித்தான் இருக்கிறியளோ?" விடுதியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மட்டக்களப்புப் பிள்ளைகளும் அன்போடுதான் கேட்பார்கள். எங்களிடமும் தயாராக ஒரு பதில் உண்டு: "பழகிப்போச்சு." எங்கள் அம்மாமாரும் இதைத்தான் சொல்கிறார்கள். விடிகாலையில் பெரட்டுக்குப் போகும்போது, கொழுந்தின் ஈரத்தில் விரல் விறைக்கும்போது, நனைந்த படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறும்போது, எப்போது கேட்டாலும் ஒரே சொல்தான். தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் குளிர் பழகிவிட்டது. கூரை ஒழுகுவது பழகிவிட்டது. எல்லாம் பழகிவிட்டது.

எங்கள் நாலு பேருக்கும் இந்தச் சொல்லில் நெடுநாளாக ஒரு சந்தேகம். ஒரு உயிர் குளிருக்குப் பழகுவது என்றால் உண்மையில் என்ன? சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் 'இசைவாக்கம்' என்று ஒரு பாடம் இருந்தது ஞாபகமிருக்கும். துருவக் கரடி, பென்குவின், ஒட்டகம் என்று மூன்று படங்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் எங்கள் மலைத்தொடரையே பிடித்துக்கொண்டு மேற்கே போனால், இதல்கஸ்ஹின்ன தாண்டி ஒஹியவுக்கு மேலே, குளிரில் வாழக் கற்றுக்கொண்ட மிருகங்கள் ஒரு சமவெளி நிறைய இருக்கின்றன. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். போன தை மாத விடுமுறையில் ஒரு வேனைப் பிடித்து, விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு, பொரலந்தை வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம்.

"இலங்கையில் என்ன பெரிய குளிர்" என்று சிரிப்பவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவில். மார்கழியிலிருந்து மாசி வரை தெளிந்த இரவுகளில் நிலமட்டத்தில் பூச்சியத்தைத் தொட்டு அதற்குக் கீழும் போகும். அலாஸ்காக்காரர்கள் இதை ஒரு குளிராகவே எடுக்க மாட்டார்கள். ஆனால் அலாஸ்காவில் குளிர் ஒரு பருவம். வருவது முன்கூட்டியே தெரியும். கொழுப்புச் சேர்க்கலாம், மயிர் வளர்க்கலாம், குழிக்குள் போய் மாதக்கணக்கில் தூங்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை தள்ளி இருக்கிற எங்கள் மலையில் குளிர் இரவில் வந்து காலையில் போய்விடுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு முகத்தைக் கருக்குகிற வெயில், விடிய ஐந்து மணிக்குப் புல்நுனியில் ஐஸ். இதை வருஷத்துக்கு ஒருமுறை தூங்கிக் கடக்க முடியாது, இரவுக்கு இரவு கடக்க வேண்டும்.

தமிழில் இதற்கெல்லாம் 'பனி' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். புல்லில் நிற்கும் துளியும் பனி, பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்து அப்புத்தளைக் கடைவீதியை மூடுவதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. மலையகத்தில் இதை மக்கள் தொழிலை வைத்துப் பிரிக்கிறார்கள். மூடுகிற பனி கண்ணை மறைக்கும், வேலையைக் கெடுக்காது. விழுகிற பனி கொழுந்தை எரித்துவிடும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் தை, மாசியில் பனி விழுந்த மறுநாள் தேயிலை நெருப்பில் வாட்டின மாதிரிக் கருகி நிற்கும். குளிர் எப்படி எரிக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் செல் கிழிந்து போகிறது, வெயில் வந்ததும் இலை காய்ந்து கருகுகிறது.

இந்த விழுகிற பனிக்கு மேகம் எதிரி. மேகமூட்டமான இரவில் நிலம் விடுகிற சூட்டின் பெரும்பகுதியை மேகம் திருப்பி அனுப்பிவிடும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் அந்தச் சூடெல்லாம் நேரே மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சமவெளியில் மேட்டைவிடப் பள்ளமே அதிகம் குளிரும். அங்கே போனவர்கள் கவனித்திருப்பீர்கள், பள்ளமெல்லாம் புல், மேடெல்லாம் குட்டையாக முறுகிய மரங்கள். பள்ளத்தில் விழுகிற பனி மரக்கன்றுகளைக் கொன்றுவிடுவதால்தான் அங்கே காடு வருவதில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. பழைய காலத்து மனிதர்கள் வைத்த நெருப்பும் மேய்ச்சலும்தான் காரணம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி தாண்டியிருந்தது. வெள்ளை பூத்த புல்லுக்கு நடுவே மரைகள் நின்றன. தமிழ்நாட்டு வாசகர்கள் கடமான் என்பார்கள், எங்களுக்கு மரை. மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு. நாங்கள் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு பல் தந்தியடிக்க நிற்கிறோம், அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. மரை பகலில் பெரும்பாலும் காட்டுக்குள் கிடந்து அசைபோடும், மாலை மங்கியதும் புல்வெளிக்கு இறங்கும், இரவெல்லாம் மேயும். மிகவும் குளிர்கிற நேரம்தான் அதற்கு வேலை நேரம்.

அது எப்படி முடிகிறது? முதலில் தோல். மரையின் முரட்டு மயிருக்கு இடையில் காற்று சிறைப்பட்டிருக்கிறது. சூட்டைக் காப்பது அந்தக் காற்றுத்தான். கம்பளியிலும் இதே வேலைதான் நடக்கிறது. அடுத்தது வயிறு, எங்களை மிகவும் கவர்ந்தது அதுதான். அசைபோடும் மிருகங்களின் வயிற்றில் முதல் அறை ஒரு பெரிய புளிப்புப் பானை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதற்குள் புல்லைப் புளிக்க வைக்கின்றன. புளிக்கும்போது சூடு பிறக்கும். காலை நேரத்தில் மாட்டுச் சாணக் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கிறதே, அந்தச் சூடுதான். வெப்ப நாட்டில் இது உபத்திரவம், வெளியே தள்ள வேண்டிய சூடு. குளிர் இரவில் இதுவே அடுப்பு. மரை புல்லைத் தின்பது வயிற்றை நிரப்ப மட்டுமல்ல, விறகு போடவும்தான்.

இந்த இடத்தில் பேகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களில் இரண்டு பேர் தமிழ் சிறப்புக்கற்கை, வேறு வழியில்லை. குளிரில் மயில் நடுங்குகிறதென்று நினைத்துத் தன் போர்வையைக் கழற்றிப் போர்த்திய வள்ளல் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். மயிலுக்கு இறகே போர்வை, அதற்குமேல் பட்டுப் போர்த்தினால் அது நடக்கவே சிரமப்படும் என்று வகுப்பில் எவனாவது ஒருவன் கேட்டே தீருவான். ஆசிரியர் "உன் வாயை மூடு, அது இரக்கத்தைச் சொல்ல வந்த கதை" என்பார். சரிதான். ஆனால் சமவெளியின் வாகனத் தரிப்பிடத்தில் பேகன்கள் நிறையப் பேர். "பாவம், குளிரில் நிற்கிறது" என்று மரைக்குப் பாணும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள். மாவும் சீனியும் திடீரென்று போனால் அந்தப் புளிப்புப் பானைக்குள் அமிலம் ஏறி, புல்லைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். இரக்கப்பட்டுப் போடுகிற பாண் அடுப்பை அணைக்கிறது. பொலித்தீன் போனால் அது வெளியேவும் வராது, செரிக்கவும் செரிக்காது. நுழைவாயிலில் பையைச் சோதித்து பிஸ்கட் உறையைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்களே என்று எரிச்சல்படாதீர்கள். அவர்கள் செய்வது நியாயம்.

மரை பெரிய உடம்பு. அதற்குக் குளிரைச் சமாளிப்பது ஓரளவு சுலபம். சின்ன உடம்புக்குத்தான் சோதனை. ரொட்டிக்கு மா பிசைந்து இரண்டு உருண்டை பிடியுங்கள். ஒன்றை அப்படியே சுடுங்கள், மற்றதைத் தட்டி அகலமாக்கிச் சுடுங்கள். இரண்டையும் இறக்கி வைத்தால் தட்டின ரொட்டி முதலில் ஆறிவிடும், உருண்டை கடைசிவரை உள்ளே சூடாக இருக்கும். மா ஒரே அளவுதான், வெளியே தெரிகிற பரப்புத்தான் வேறு. குளிரில் வாழும் மிருகங்கள் உருண்டையாக, காதும் காலும் வாலும் குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது தேவாங்கை நினைத்துப் பாருங்கள். மெலிந்தவர்களைத் "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று திட்டுகிற மொழி நம்முடையது. குச்சிக் கை, குச்சிக் கால், ஒரு சாண் உடம்பு, இரவில்தான் நடமாட்டம். குளிருக்கு இதைவிடத் தோதில்லாத உடம்பை யோசிக்கவே முடியாது. ஆனால் ஹோர்ட்டன் சமவெளிக்கென்றே ஒரு தேவாங்கு இருக்கிறது. 1937இல் முதன்முதலாகப் பதிவானது. 1939க்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துபோனது என்றே பலரும் நினைத்தார்கள். 2002இல் ஒரு தடவை கண்ணில் பட்டது. பிறகு இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் சங்கத்தினரும் சேர்ந்து இரவிரவாகக் காடுகளில் தேடினார்கள். 2010இல் அதன் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. படத்தைத் தேடிப் பாருங்கள், நம் வசவில் வருகிற தேவாங்கே இல்லை. கையும் காலும் குட்டை, உடம்பு தடித்தது, மயிர் அடர்ந்து பஞ்சு உருண்டை மாதிரி. தட்டின ரொட்டியாக இருந்த வம்சம் இந்தக் குளிரில் மெல்ல மெல்ல உருண்டையாகியிருக்கிறது. அதற்குப் பல்லாயிரம் வருஷம் பிடித்திருக்கும். அதற்குள் எத்தனை மெலிந்த குட்டிகள் விடியாமலே விறைத்துச் செத்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பாடப்புத்தகம் இசைவாக்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. தேவாங்குக்குக் குளிர் 'பழகவில்லை'. குளிர் தாங்காதவை போக, தாங்கியவை மிஞ்சின.

ஓணான் கதை வேறு மாதிரி. அதற்கு மயிருமில்லை, உள்ளே அடுப்புமில்லை, வெயில்தான் எல்லாம். வெயில் இல்லாவிட்டால் அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடப்பதே ஒரு சிக்கனம், சூடு உண்டாக்கத் தேவையில்லாததால் தீனியும் கொஞ்சம் போதும். ஆனால் முட்டைக்கு என்ன செய்வது? குளிர்ந்த மண்ணில் முட்டை வளர நாளாகும், கெட்டும் போகும். இலங்கை மலைகளில் மட்டும் இருக்கிற ஒரு சின்ன ஓணான், குரங்கு மாதிரி வாலால் கொப்பைப் பற்றிக்கொண்டு பாசிக்குள் ஒளிந்திருக்கும், கொஃபோட்டிஸ் என்று அதன் விஞ்ஞானப் பெயர். அது மண்ணில் முட்டையிடுவதில்லை. முட்டையை வயிற்றிலேயே வைத்து வளர்த்துக் குட்டியாகப் போடுகிறது. தாய் வெயில் தேடி நகரும்போது குட்டிகளும் வெயிலுக்குப் போகின்றன. அதே காட்டில் மூக்கில் வெள்ளைக் கொம்பு வைத்த இன்னொரு ஓணான் முட்டையிட்டே காலம் தள்ளுகிறது. ஒரே குளிருக்கு இரண்டு விடை, இரண்டுமே சரி. நம் பரீட்சைகளில் இதற்கெல்லாம் இடமில்லை.

வெளியுலகத்தில் இதைவிடப் பெரிய வித்தைகள் நடக்கின்றன. அலாஸ்காவில் ஒரு காட்டுத்தவளை குளிர்காலத்தில் உறைந்து கல் மாதிரி ஆகிவிடும், இதயமும் நின்றுவிடும். செல்லுக்குள் சீனியை நிரப்பி வைத்திருப்பதால் செல் கிழியாது, வசந்தத்தில் உருகி எழுந்து தத்திக்கொண்டு போகும். தேயிலைக் கொழுந்துக்குத் தெரியாத வித்தை. அந்தாட்டிக்காவின் பேரரசப் பென்குவின்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி நின்று, வெளியே நிற்பவை உள்ளேயும் உள்ளே நிற்பவை வெளியேயுமாக மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதைக் காணொளியில் பார்த்தபோது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "எங்க காம்பரா மாதிரியே இருக்கு." பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் எட்டுப் பேர் படுத்தவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு.

சிறுத்தையைச் சொல்லாமல் விட்டால் ஊரில் கோபிப்பார்கள். எங்கள் தேயிலை மலைகளில் நடமாடுகிற சிறுத்தையும் ரஷ்யாவின் தூரகிழக்கில் பனிக்குள் நடக்கிற அமூர் சிறுத்தையும் ஒரே இனம். அங்கே குளிர்காலத்தில் அதன் மயிர் கோடைகாலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நீளும். எங்கள் சிறுத்தைக்கு அது தேவைப்படவில்லை. இறைச்சி இருக்கும் வரை அதற்குக் குளிர் பிரச்சினையே இல்லை. அதன் பிரச்சினை பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி.

இனி மனிதர்கள். இவை எல்லாம் இன்னும் இங்கே மிஞ்சியிருப்பதற்கு ஒரு கோடு காரணம். ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளரின் ஆலோசனையைக் கேட்டு 1873இல் ஆங்கில அரசு 5,000 அடிக்கு மேலே காடு வெட்ட நிலம் விற்பதை நிறுத்தியது. மரையின் மேலுள்ள பாசம் அல்ல, ஆறுகள் வற்றிவிடுமே என்ற பயம். முன்பே விற்ற இடங்களில் கோப்பியும் தேயிலையும் அதற்கு மேலும் ஏறியிருந்தன, மிச்சம் பிழைத்தது. அப்புத்தளை ரயில் நிலையம் 1,431 மீற்றர், அதாவது 4,700 அடிக்குச் சற்றுக் குறைவு. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதனால் நாங்கள் தேயிலையானோம், அவர்கள் காடாகவே இருந்தார்கள்.

அதற்கு முன்பே துப்பாக்கி வேலையை ஆரம்பித்திருந்தது. சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோடு மரை வேட்டையாடி அதைப் புத்தகமாகவும் எழுதினார், சமவெளி நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். ஒரு காலத்தில் யானைகளும் இந்தக் குளிருக்கு ஏறி வந்திருக்கின்றன. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். எங்கே தெரியுமா? எங்கள் அப்புத்தளையில். ஊர்ப் பெருமை என்று சொல்ல எங்களிடம் அதிகமில்லை, இதையாவது சொல்லிக்கொள்கிறோம்.

அந்த மலைகளுக்கு எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தது திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து. 1820களில் தொடங்கிய வரவு. 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோமே, அந்தக் கணக்கு. சித்திரை வெயிலில் மண் வெடிக்கிற ஊர்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சியவர்கள் மலை ஏறினார்கள். உடம்பில் இருந்தது பருத்தித் துணி. தோட்டத்தில் ஒரு கம்பளி கொடுத்து அதைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பது எங்கள் பாட்டிமார் காலம்வரை சொல்லப்பட்ட கதை. அந்தக் கம்பளியே இரவில் போர்வை, பகல் மழையில் தலைக்குக் கொங்காணி. நனைந்த கம்பளியில் அந்தச் சிறைப்பட்ட காற்று பெரும்பாலும் இருக்காது. உள்ளே அடுப்பு எரிக்கக் கவ்வாத்து மிலாறு, அதன் புகை வெளியே போக வழியில்லாத காம்பரா. சூட்டுக்காக நுரையீரலை விற்றதாகத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

உடையில்லாத மனித உடம்பு ஏறக்குறைய 27 பாகைக்குக் கீழே போனாலே கூடுதலாகச் சூடு உண்டாக்கப் பாடுபட வேண்டும் என்று உடற்றொழிலியல் சொல்கிறது. நாம் எல்லோரும், நோர்வேக்காரர் உட்பட, வெப்ப நாட்டு மிருகங்கள். இருநூறு வருஷம் என்பது ஏழெட்டுத் தலைமுறை. அதற்குள் எங்களுக்கு மயிர் அடரவில்லை, கால் குட்டையாகவில்லை. அப்படியானால் 'பழகிப்போச்சு' என்பது என்ன? திரும்பத் திரும்பக் குளிரில் இருக்கும் மனித உடம்பில் சாதாரணமாக நடப்பது ஒன்றுதான்: நடுக்கம் குறைகிறது, குளிர்கிறது என்ற உணர்வும் குறைகிறது. போகிற சூடு போய்க்கொண்டேதான் இருக்கும். உடம்பு முறையிடுவதை நிறுத்திவிடுகிறது. எங்கள் அம்மாமாரின் விரல் மூட்டுகளும், குளிர்காலத்தில் பாட்டிமாருக்கு வருகிற இழுப்பும் அந்த முறையீட்டை வேறு வழியில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தேவாங்குக்கு நடந்தது இசைவாக்கம், எங்களுக்கு நடந்தது வாயடைப்பு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

குளிர் என்பது யாருக்கு எது என்று யோசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு குருவி ஞாபகம் வரும். காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஊர்க்குருவியை விடச் சின்னது, ஆண் குருவிக்கு நெஞ்செல்லாம் செங்கல் நிறம். காஷ்மீர் மலைக்காடுகளில் குஞ்சு பொரிக்கும், அங்கே குளிர் இறுகும் முன்பே இந்தியாவின் நீளம் முழுக்கப் பறந்து வந்து நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் தங்கும். நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் மார்கழி மாதம் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் தொப்பியும் கையுறையுமாக நடுங்கிக்கொண்டு அதைப் படம் பிடிப்பார்கள். அதுவோ குளிருக்குத் தப்பி வந்து கதகதப்பில் இருக்கிறது.

அதற்குப் பறக்கத் தெரியும். சமவெளித் தேவாங்குக்கும் கொஃபோட்டிசுக்கும் அந்த வசதி இல்லை. நூறு மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.65 பாகை குறையும் என்று புவியியல் படிக்கிறவள் சொன்னாள். மறுபக்கமாகக் கணக்குப் போட்டோம். பூமி ஒரு பாகை சூடானால், பழைய குளிரைத் தேடி ஒரு மிருகம் 150 மீற்றர் மேலே ஏற வேண்டும். இரண்டு பாகை என்றால் 300. சமவெளியின் அடி 2,100 மீற்றர். அங்கேயுள்ள கிரிகல்பொத்தை உச்சி 2,400 மீற்றருக்கும் சற்றுக் குறைவு, நாட்டிலேயே உயர்ந்த பீதுருதாலகாலை 2,524 மீற்றர். கலைப்பீடத்துக் கணக்குத்தான், ஆனால் விடை தெளிவு. இரண்டு பாகையில் மலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வானம்தான். ஒரு உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்குப் போகலாமே என்றால் நடுவில் வீதி, நகரம், மரக்கறித் தோட்டம், எங்கள் தேயிலை. அடர்ந்த மயிரும் குட்டைக் கையும் பல்லாயிரம் வருஷத்துச் சம்பாத்தியம். குளிர் போய்விட்டால் அது வெறும் பாரம். சூட்டுக்கு 'பழக' அவற்றுக்குக் கிடைக்கப்போவது ஒரு நூற்றாண்டுகூட இல்லை. போதாக்குறைக்குச் சமவெளியில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. காரணம் மண்ணா, வறட்சியா, காற்றில் வரும் மாசா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்று மாலை இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னோம். கைபேசியில் மரைப் படங்களைக் காட்டினோம். எங்கள் நாலு வீட்டிலும் பெரியவர்கள் யாரும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனதில்லை. வேனில் இரண்டு மணி நேரத்துப் பயணம், வாழ்நாளெல்லாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்த அப்பாயி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தது.

"இது ராவுல எங்க படுக்கும் தாயி?"

"ராவுல படுக்காது அப்பாயி. பனியில நின்னு மேயும். பகல்லதான் படுக்கும்."

"அப்ப அதுக்கும் பேக்டரி நைட் வேலதான்." சிரித்தது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தது. "குளிராதாமா அதுக்கு?"

அசைபோடுவதையும் வயிற்றுச் சூட்டையும் மறுபடி சொன்னோம். கவனமாகக் கேட்டது. "நல்ல சீவன்," என்றது. பிறகு விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே, "எனக்குக் குளிரும்," என்றது. பழகிப்போச்சு என்று சொல்லாமல் அப்பாயி பேசியதை நாங்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டோம். வருகிற தையில் வேனில் இரண்டு இருக்கை கூடுதலாகப் பிடிக்க வேண்டும். சுவெட்டர் ஒன்று பண்டாரவளைச் சந்தையில் இப்போதே வாங்கியாகிவிட்டது.